நான் எழுதாத வாழ்த்துச் செய்தி

உள்ளூராட்சித் தேர்தல் வருகிறதென்றால் என் கைபேசிக்கு ஓய்வில்லை. இம்முறை லண்டனில் எல்லாக் கட்சிகளிலும் தமிழ் வேட்பாளர்கள் நிற்கிறார்கள். நான் பதினாறு வருடம் கவுன்சிலராக இருந்தவன் என்று யாரோ சொல்லக் கேட்டு மூன்று பேர் வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்கள். அதில் ஒருவர் ஹரோவில் கணக்காளர், சுற்றி வளைக்காத ஆள்.

"அண்ணை, முக்கியமா என்னத்தைத் தெரிஞ்சிருக்கோணும்? சுருக்கமாச் சொல்லுங்கோ."

சுருக்கமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பெருவிரல் படமொன்றை அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். கேத்தல் கொதித்து முடிவதற்குள் அது நேர்மையான பதில் இல்லை என்று பட்டது. அதனால் நீளமான பதிலை இங்கே எழுதுகிறேன். அவருக்கு நேரமிருந்தால் வாசிக்கட்டும்.

நான் ஓய்வு பெற்றவன் என்று நண்பர்கள் மரியாதைக்குச் சொல்வார்கள். உண்மையில் வாக்காளர்கள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் எனக்கு மனவருத்தம் இல்லை. ஏன் இல்லை என்பதும் இதற்குள் வரும்.

தொடக்கத்தைச் சுருக்கிவிடுகிறேன். அது இங்குள்ள பாதிப் பேருடைய கதைதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன், அகதியாக விண்ணப்பித்தேன், பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் அடித்தேன். பிறகு பக்கத்து பறோவின், அதாவது பக்கத்துக் கவுன்சிலின், வீட்டுவசதி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர், பிறகு அங்கேயே எழுதுவினைஞர். வேலை பக்கத்து பறோவில் கிடைத்தது எனக்கு அதிர்ஷ்டம். ஒரு கவுன்சிலில் சம்பளம் வாங்குபவர் அதே கவுன்சிலுக்குத் தேர்தலில் நிற்க முடியாது.

கட்சிக்குள் என்னை இழுத்தது கொள்கை என்று சொன்னால் அது புளுகு. ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டியவரிடம் துண்டுப்பிரசுரம் மீதமிருந்தது, எனக்கு நேரமிருந்தது. கதவிலுள்ள தபால் துவாரத்துக்குள் விரலை விட்டுத் தாளைத் தள்ளக்கூடாது, உள்ளே நாய் நிற்கும், மரக்கரண்டியால்தான் தள்ளவேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம் அது. கற்பித்தது ஒரு சின்ன வெள்ளை நாய். மூன்று வருடம் கரண்டியோடு திரிந்த பிறகு, நிற்க ஆளில்லாத ஒரு தேர்தலில் என்னை நிறுத்தினார்கள். எல்லோரும் ஆச்சரியப்படும்படி வென்றுவிட்டேன்.

கவுன்சிலில் எனக்கு மேலதிகாரி என்று ஒருவர் இருந்தாரென்றால் அது மொறீன்தான். எங்கள் குழுவின் கொறடா. கட்சிக்காரர் ஒழுங்காகக் கூட்டத்துக்கு வருகிறார்களா, ஒழுங்காகக் கையை உயர்த்துகிறார்களா என்று பார்ப்பது அவருடைய வேலை. அயர்லாந்திலிருந்து சிறுவயதில் வந்தவர், குட்டை, எப்போதும் ஒரே பச்சைக் கம்பளிச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஏசுவதானால் கைப்பையிலிருந்து ஒரு சின்னத் தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்குவார். உரித்து முடிய ஏச்சும் முடியும். பாதிப் பழம் ஏச்சு வாங்கியவருக்கு. முதல் வருடத்தில் நான் நிறையத் தோடம்பழம் சாப்பிட்டேன்.

கட்டட அனுமதிக் குழுவில் என்னைப் போடுவதற்கு முன், ஆறு மாதம் பார்வையாளர் வரிசையில் இருக்க வைத்தார். "வாயைத் திறக்காதே, பார்," என்றார். அந்தக் குழுவின் விதி மற்றக் குழுக்களுடையதைப் போன்றதல்ல. அங்கே உறுப்பினர் நீதவானைப் போல. இரு தரப்பையும் கூட்டத்தில் கேட்ட பிறகுதான் முடிவெடுக்க வேண்டும். "நான் ஆதரவு" என்று முன்கூட்டியே சொல்லி மனதைப் பூட்டிவிட்டவர் அந்த விண்ணப்பத்தில் வாக்களிக்கக்கூடாது. வாக்களித்தால் எதிர்த்தரப்பு நீதிமன்றம் போய் முழு முடிவையும் உடைத்துவிடலாம். கட்சிக் கட்டளையும் அங்கே செல்லாது. கொறடாவே மூச்சுவிட மாட்டார்.

கடிதங்களிலும் மொறீன் கடுமை. "உன் பெயரில் வெளியே போகும் எந்தத் தாளையும் மூன்று தடவை வாசி, பரம். ஒரு தடவை உனக்காக, ஒரு தடவை உன்னைப் பிடிக்காதவனுக்காக, ஒரு தடவை நீதிபதிக்காக." பரமநாதன் என்பதில் அவர் வாய்க்கு வந்தது அவ்வளவுதான். நான் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். குப்பைத் தொட்டி ஒன்றைப் பற்றிய நாலு வரிக் கடிதத்தைக்கூட மூன்று தடவை வாசித்துத்தான் அனுப்புவேன்.

சனிக்கிழமைகளில் பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை நூலகத்தில் மக்களைச் சந்திப்பேன். டொக்டரின் அறையைப் போல அதற்கும் 'சேர்ஜரி' என்று பெயர். மருந்து மட்டும் கிடையாது. வருபவருக்கு ஹீற்றர் பக்கத்துக் கதிரை. பெயர், விலாசம், இதுவரை யாரிடமெல்லாம் போனீர்கள், உங்களுக்கு என்ன நடக்கவேண்டும். இந்த நாலையும் எழுதிக்கொள்ளாமல் கதையைத் தொடங்க விடமாட்டேன். நாலாவது கேள்விக்குத்தான் பலர் அழுவார்கள். அதுவரைக்கும் அதை யாரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் சனம் நூலகத்துக்கு வராது. சாமத்திய வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது பிடிப்பார்கள். செத்தவீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள். ஒருமுறை ஆர்ச்வேயில் முருகன் கோயிலில் தீபாராதனை நேரம், ஒருவர் தன் குளியலறைச் சுவரின் ஈரக்கசிவைப் பற்றி என் காதுக்குள் சொன்னார். முருகனும் கேட்டிருப்பார். கடிதம் எழுதியது நான்தான்.

இனி, மலர் விவகாரம். எங்கள் சங்கம் எதுவாக இருந்தாலும் ஆண்டு விழாவுக்கு ஒரு மலர் போடும். மலரின் முதல் பத்துப் பக்கம் வாழ்த்துச் செய்திகள். கவுன்சிலர் என்றால் வாழ்த்தியே ஆகவேண்டும், மேல் மூலையில் கோட் போட்ட படம் இருக்கவேண்டும். விழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது செயலாளர் போன் எடுப்பார்.

"அண்ணை, நீங்கள் பிஸி எண்டு தெரியும். போன வருசம் மாதிரி நானே எழுதிப் போடட்டோ?"

"ஓம், போடுங்கோ."

அவ்வளவுதான் நடைமுறை. பதினாறு வருடத்தில் என் பெயரில் எத்தனையோ வாழ்த்துச் செய்திகள் வந்தன. ஒன்றையும் நான் எழுதவில்லை. மலரைத் தருவார்கள், படத்தில் தலைமுடி எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன், மேசையில் வைப்பேன். ஆங்கிலத்தில் போகும் கடிதத்தை மூன்று தடவை வாசித்த அதே மனிதன் தமிழில் தன் பெயருக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒரு தடவையும் வாசிக்கவில்லை. ஆங்கிலம் எனக்கு வேலை செய்யும் கந்தோர், தமிழ் வீடு. வீட்டுக்குள்ளே யார் கையெழுத்தைச் சரிபார்க்கிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஜெசிந்தா அக்காவின் விடயம் வந்தது என் மூன்றாவது பதவித் தவணையில்.

அக்கா மன்னார்க்காரி. பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கத்தோலிக்கர், ஞாயிறு பூசை தவறாது. அவருடைய கணவர் சூசை அண்ணை எங்கள் வட்டாரத்தில் இருபத்தாறு வருடம் தபால்காரர். வெள்ளைக்காரக் கிழவிகளெல்லாம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். நல்ல ஆங்கிலம், நல்ல பகிடி. ஓய்வு பெற்று ஐந்தாறு வருடத்தில் மறதி நோய் வந்தது. சாவி, பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் இருக்க, முதலில் போனது ஆங்கிலம். ஒரு வருடத்துக்குள் முற்றாகப் போய்விட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியது.

கவுன்சில் காட்டிய பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் அவர் ஒரு மூலையில் இருந்து அழுதார். அதனால் அக்கா தானே ஒன்று தொடங்கினார். புதன்கிழமைகளில் பங்குக் கோயில் மண்டபத்தில் இப்படித் தமிழ் மட்டும் மிஞ்சிய பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். சைவம், கிறிஸ்தவம் என்ற பேதமில்லை. கரம் விளையாட்டு, பாட்டு, மத்தியானம் சோறும் மீன்குழம்பும். சூசை அண்ணைக்கு மட்டும் ஒரு தனி வேலை இருந்தது. அக்கா பல தெருக்களில் தெரிந்த வீடுகளுக்கு வரும் விளம்பரக் கடிதங்களையெல்லாம் வாங்கிச் சேர்த்து ஒரு கட்டாக அவர் முன்னால் வைப்பார். அண்ணை அவற்றைத் தெரு தெருவாகப் பிரித்து அடுக்குவார். நான் ஒருநாள் எடுத்துப் பார்த்தேன். ஒரு கடிதம்கூடப் பிழையான அடுக்கில் இல்லை. இங்கிலீசில் ஒரு சொல் பேச வராத மனிதர்.

அந்த மண்டபத்தின் கூரை பழுது. திருத்த வசதியில்லை, உயிர்த்த ஞாயிறுக்குள் மூடப்போகிறோம் என்று பங்கு சொல்லிவிட்டது. பக்கத்தில் ஒரு மதுச்சாலை மூடிக் கிடந்தது. உரிமையாளர் குத்தகைக்குத் தரத் தயார், ஆனால் பராமரிப்பு நிலையமாக மாற்றக் கட்டட அனுமதி எடுக்கவேண்டும், அதுவும் அந்தக் குளிர்காலத்துக்குள். எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கம் விண்ணப்பித்தது. செயலாளர் நடேசலிங்கம் முன்னின்று செய்தார். நல்ல மனிதர், ஓடியாடித் திரிபவர், நாலு பேருடைய வேலையைத் தனியே செய்து நாலு பேருடைய பிழையையும் தனியே விடுபவர்.

அக்கா என்னிடம் ஒரு உதவியும் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் சொன்னார்.

"தம்பி, புதன்கிழமை இல்லையெண்டா எனக்கு அவரை வீட்டில வச்சுப் பாக்க ஏலாது. ரெண்டு தரம் றோட்டுக்கு இறங்கிட்டார். அவரை எங்கயோ கொண்டுபோய் விடப்போயினம். அங்க அவர் ஆரோட கதைப்பார்?"

விதிப்படி நான் "கேட்டுக்கொண்டேன்" என்று மட்டும் சொன்னேன். அக்காவுக்கு விதி விளங்கியது. சங்கத்துக்கு விளங்கவில்லை.

முடிவுக்கு முந்திய சனிக்கிழமை குழு உறுப்பினர்கள் இடத்தைப் பார்க்கப் போனோம். அந்த நேரம் விண்ணப்பதாரருடன் பேசவே கூடாது. ஊமைகள் மாதிரி வரிசையாகப் போய், வாகனம் எங்கே நிறுத்துவது, யன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத் திரும்பவேண்டும். நாங்கள் ஒன்பது பேரும் தெருமுனையில் திரும்பினால், மதுச்சாலை வாசலில் நடேசலிங்கம் வேட்டியோடு நிற்கிறார். கையில் பூமாலை. பக்கத்து மேசையில் வடையும் தேத்தண்ணியும்.

"வாங்கோ, வாங்கோ!"

குழுத் தலைவர் பூதத்தைக் கண்டவர் போல நின்றுவிட்டார். நான் நடேசலிங்கத்தைத் தெரியாதவன் மாதிரிக் கடந்து போனேன். முதுகுக்குப் பின்னால் அவர் யாரிடமோ சொன்னது கேட்டது: "பரமண்ணைக்குப் பெருமை பிடிச்சிட்டுது." வடைகள் அப்படியே இருந்தன. அவற்றின் மணம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது, உளுந்து வடை.

செவ்வாய் மாலை ஏழு மணிக்குக் கூட்டம். ஐந்து மணிக்குச் சட்ட அலுவலர் போனில் கூப்பிட்டார். போனேன். மெலிந்த இளம்பெண், எப்போதும் அவசரமில்லாதவர். மேசையில் இரண்டு தாள். ஒன்று சங்கத்தின் ஆண்டு மலரிலிருந்து பிரதி எடுத்த பக்கம், மேல் மூலையில் என் படம். மற்றது அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. வாகனத் தரிப்பிடம் போய்விடும் என்று எதிர்த்த அயலவர்களின் வழக்கறிஞர் முத்திரை குத்திய மொழிபெயர்ப்போடு அனுப்பியிருந்தார்.

என் சொந்த வாழ்த்துச் செய்தியை முதல் தடவையாக நான் ஆங்கிலத்தில் வாசித்தேன். சங்கத்தின் சேவை, தமிழின் இனிமை, எல்லாம் இருந்தது. கடைசி வரி இது: 'நான் குழுவில் இருக்கும்வரை இந்நிலையத்துக்கான அனுமதியைப் பெற்றுத் தருவது என் கடமை என இத்தால் உறுதி கூறுகிறேன்.'

"இதை நீங்கள் எழுதினீர்களா?" என்று அவர் கேட்டார்.

"இல்லை."

"எழுதுவதற்கு அனுமதி கொடுத்தீர்களா?"

நான் அந்தக் கடைசி வரியைத் தமிழ்ப் பக்கத்தில் தேடினேன். அவர் அதையும் அவசரப்படுத்தவில்லை. "எழுதவும் இல்லை, அனுமதிக்கவும் இல்லை என்று நீங்கள் எழுத்தில் தந்தால், நீங்கள் உள்ளே இருந்து வாக்களிக்கலாம். இல்லாவிட்டால் வெளியே போகும்படிதான் நான் ஆலோசனை சொல்வேன். மாற்று உறுப்பினரைப் போடும் நேரம் கடந்துவிட்டது. ஏழு மணிக்கு முன் சொல்லுங்கள்."

கணக்கு எனக்குத் தெரியும். குழுவில் ஒன்பது பேர். யார் எந்தப் பக்கம் சாய்வார் என்று ஆறு மாதம் பார்வையாளர் வரிசையில் இருந்தவனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. நான் இருந்தால் ஐந்துக்கு நாலு. நான் போனால் நாலுக்கு நாலு, அப்போது முடிவு தலைவர் இரண்டாவதாகப் போடும் தீர்மான வாக்கில். தலைவருடைய முகத்தில் இன்னும் அந்தப் பூமாலை இருந்தது.

நடேசலிங்கத்தை நடைபாதைக்குக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினேன். வாசித்ததும் ஆளுக்கு வியர்த்துவிட்டது.

"ஐயோ அண்ணை, சும்மா ஒரு எடுப்புக்கு எழுதினது. எல்லாரும் அப்பிடித்தானே எழுதுறது. கோதாரி விழுந்தவங்கள் உதைப் போய் மொழிபெயர்ப்பாங்கள் எண்டு ஆர் கண்டது?"

"நான் வாசிச்சிருக்கோணும்."

"இப்ப என்ன, நான் சொல்லுறன். நான் களவா எழுதினது, அண்ணைக்குத் தெரியாது எண்டு எழுதித் தாறன். என்ர பேர் போனாப் போகட்டும். நீங்கள் உள்ளுக்கு இருங்கோ. அந்த மனிசி அங்க சூசை அண்ணையையும் கூட்டிக்கொண்டு வந்து இருக்குது."

அவர் அதை மனதாரச் சொன்னார். அந்த மனிதரை நான் அதற்கு முன் அவ்வளவு மதித்ததில்லை.

கட்சி அறைக்குப் போனேன். மொறீன் தனியே இருந்தார். தாளைக் கொடுத்தேன், மொழிபெயர்ப்பை வாசித்தார்.

"மூன்று தடவை வாசித்தாயா?"

"இல்லை."

"ஒரு தடவை?"

"இல்லை."

கைப்பையைத் திறந்தார். ஏச்சு வரப்போகிறது என்று நின்றேன். தோடம்பழத்தை எடுத்தவர் உரிக்கவில்லை, முழுதாக என் கையில் வைத்தார். "என்ன செய்யட்டும்?" என்று கேட்டேன். "கட்டட அனுமதியில் கொறடா கிடையாது, பரம்," என்றுவிட்டு அறையை விட்டுப் போனார். பதினாறு வருடத்தில் அவர் எனக்குக் கட்டளை தராத ஒரே நாள் அது. அன்றைக்கு ஒரு கட்டளைக்காக நான் எதையும் கொடுத்திருப்பேன்.

நான் உண்மைக்காகத்தான் வெளியே போனேன் என்று எழுத ஆசை. பாதி உண்மை. "ஓம், போடுங்கோ" என்று நான் போனில் சொன்னது சொன்னதுதான். இன்னொருவருடைய பெயரை நாறடித்து உள்ளே இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. மற்றப் பாதி பயம். பொய் பிடிபட்டால் விசாரணை, உள்ளூர்ப் பத்திரிகையில் படம், சனம் என்ன சொல்லும் என்ற பயம். எந்தப் பாதி பெரியது என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியாது.

ஏழு மணிக்கு என் பெயர் வந்ததும் எழுந்து, இந்த விண்ணப்பத்தில் என் மனம் முன்பே முடிவாகிவிட்டதாகக் கருதப்பட இடமுண்டு, ஆகவே விலகுகிறேன் என்று வாசித்தேன். மூன்று தடவை சரிபார்த்த வசனம். பார்வையாளர் வரிசையைத் தாண்டித்தான் கதவு. ஜெசிந்தா அக்கா கோட்டைக் கழற்றாமல் இருந்தார், பக்கத்தில் சூசை அண்ணை தலைவாரி, கழுத்துப்பட்டி கட்டி. அக்கா என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன்.

விதிப்படி கதவுக்கு வெளியே நிற்கவேண்டும், உள்ளே நடப்பது கேட்கக்கூடாது. கோப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்தைந்து நிமிடம் நின்றேன். கதவு திறந்ததும் வந்த முதல் ஆளின் முகத்திலேயே விளங்கிவிட்டது. நாலுக்கு நாலு, தலைவர் எதிர்த்து. காரணம் வாகனத் தரிப்பிடம். அந்த நிலையத்துக்கு வர இருந்தவர்களில் ஒருவரிடமும் வாகனம் ஓட்டும் அனுமதிப்பத்திரம் இருக்கவில்லை.

அக்கா சூசை அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். என் முன்னால் நின்றார்.

"நீங்கள் உள்ளுக்கு இருந்திருந்தா?"

"கிடைச்சிருக்கும், அக்கா."

அக்கா தலையை ஆட்டினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சூசை அண்ணை என்னைப் பார்த்து, "இந்தத் தெருவுக்குத் தபால் வந்திட்டுதோ தம்பி?" என்று கேட்டார். வந்துவிட்டது என்றேன். "அப்ப சரி," என்றார்.

மேன்முறையீடு செய்ய முன்னரே உரிமையாளர் கட்டடத்தை விற்றுவிட்டார். இப்போது அதில் அடுக்குமாடி வீடுகள். புதன்கிழமைக் கூட்டம் உயிர்த்த ஞாயிறோடு நின்றது. கோடையில் சூசை அண்ணை பிரதான வீதியில் பேருந்துக்கு முன்னால் இறங்கினார், மயிரிழையில் தப்பினார். அதற்குப் பிறகு அவரை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். சுத்தமான இடம், அன்பான ஆட்கள். தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

மாரி தொடங்கியபோது ஒரு சனிக்கிழமை அக்கா நூலகத்துக்கு வந்தார். எங்கள் சனம் வராத நூலகம். வரிசையில் ஐந்தாவது ஆளாக இருந்து, முறை வந்ததும் ஹீற்றர் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தார். நான் வழக்கம்போல நாலு கேள்வியையும் கேட்டேன், கேட்காமல் இருக்கத் துணிவில்லை. அக்கா ஒரு தாளை நீட்டினார். இல்லத்தில் சூசை அண்ணையைப் பற்றி வைத்திருக்கும் கோவையின் பிரதி. சாப்பாடு, மருந்து, நடை. அதற்குக் கீழே ஒரு வரி: 'நோயாளிக்குப் பேச்சு இல்லை.'

அன்று பின்னேரமே இல்லத்துக்குப் போனேன். சூசை அண்ணை யன்னலோரம் இருந்தார், மெலிந்திருந்தார். என்னை யாரென்று தெரியவில்லை, ஆனால் தமிழில் வணக்கம் சொன்னதும் என் கையைப் பிடித்தவர் ஒன்றரை மணித்தியாலம் விடவில்லை. மன்னார்க் கடல், முதல் குளிர்காலத்தில் சறுக்கி விழுந்தது, எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைக்க மட்டும் செய்யும். மூச்சுவிடாமல் பேசினார். நான் எழும்பியபோது குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"தம்பி, இஞ்ச இருக்கிறதுகள் எல்லாம் பாவம், ஒருத்தருக்கும் காது கேக்காது."

பேருந்துத் தரிப்பிடத்தில் இருந்து அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

கடிதங்கள் எழுதினேன். அந்த வரியை மாற்ற ஆறு கிழமை எடுத்தது. நூறு தமிழ்ச் சொற்கள் எழுதிய அட்டையைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினார்கள். அப்டன் பார்க்கிலிருந்து தமிழ்ப் பிள்ளை ஒருத்தி கிழமைக்கு இரண்டு பின்னேரம் வந்து கதைத்துவிட்டுப் போனாள். சூசை அண்ணை அடுத்த மாசி மாதம் காலமானார். பூசைக்குப் போனேன், பின்வரிசையில் இருந்தேன்.

அடுத்த தேர்தலில் நான் கட்சிச் சார்பில் வென்றேன், நாலாவது தவணை. அதற்கடுத்ததில் ஜெசிந்தா அக்கா எங்கள் வட்டாரத்தில் சுயேச்சையாக நின்றார். ஒரே ஒரு கோரிக்கை: தாய்மொழி மட்டும் மிஞ்சியவர்களுக்கு, எந்த மொழியானாலும், ஒரு பகல் நிலையம். கட்சி அறையில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அக்காவுக்கு ஆளில்லை, அணியில்லை, ஆனால் இருபத்தாறு வருடம் அந்தக் கதவுகளுக்குத் தபால் போட்டவரின் மனைவி. எங்களுக்குத் திறக்காத கதவெல்லாம் அவருக்குத் திறந்தது.

தேர்தலுக்கு முந்திய ஞாயிறு என் கதவும் தட்டப்பட்டது. அக்காதான், மழைக்கோட்டோடு, கையில் பெயர்ப்பட்டியல்.

"தம்பி, ஒவ்வொரு வீட்டையும் தட்டச் சொன்னவை. உங்கட வீட்டை விட்டிட்டுப் போனாப் பிழையெல்லோ." பட்டியலைப் பார்த்தார். "உங்களுக்கு மூண்டு வோட் இருக்கு. ஒண்டை எனக்குத் தாங்கோ."

எங்கள் வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர் இடம், ஆளுக்கு மூன்று வாக்கு.

"அக்கா, நான் உங்களுக்கு எதிரா நிக்கிறன்."

"தெரியும். அதுக்கென்ன?"

"உள்ளுக்கு வாங்கோ, தேத்தண்ணி குடியுங்கோ."

"இல்லைத் தம்பி, இன்னும் முப்பது வீடு கிடக்கு." திரும்பியவர் படியில் நின்றார். கோபமில்லாத குரலில் சொன்னார்: "அண்டைக்கு நீங்கள் செய்தது சரிதான். நான் வேற ஆக்களிட்டையும் கேட்டுப் பாத்தனான், எல்லாரும் சரி எண்டுதான் சொல்லினம். அந்தச் சரியால என்ர மனிசன் ஆறு மாசம் ஒரு சனத்தோடயும் கதைக்கேல்ல. அதை உங்களிட்ட ஒருக்காச் சொல்லோணும் எண்டு கிடந்தது, சொல்லிப்போட்டன்."

படலையைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கூட மண்டபத்தில் வாக்குச்சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனேன். சீட்டில் என் பெயரும் இருந்தது, அக்காவின் பெயரும் இருந்தது. பென்சிலை எடுத்து ஜெசிந்தா அக்காவுக்கு நேரே புள்ளடி போட்டேன். மற்ற இரண்டு வாக்கையும் போடவில்லை, எனக்கும்கூட. சீட்டை மூன்று தடவை வாசித்துவிட்டுத்தான் பெட்டிக்குள் போட்டேன். மறுநாள் எண்ணியபோது மூன்றாவது இடத்துக்கு அக்கா வந்தார், நான் நாலாவது.